பாதம் பேணும் பணி

மனித உறுப்புக்களுள் மிகுதியாக உழைப்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் எது என்று எவரேனும் வினாவினால், பாதம் என்று தயங்காது விடை கூறலாம். முகத்தை நாள்தோறும் கண்ணாடியிலே பார்க்கின்றோம். பல்லைத் துலக்குகின்றோம். தலைக்கு எண்ணெய் வைக்கின்றோம். நடக்கப் பழகிய நாள் தொடங்கி உடலின் பாரம் முழுவதையும் சுமந்துவரும் பாதத்தையோ, முள் தைத்தாலன்றி நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியோரின் பாதம் தொட்டு வணங்கும் வழக்கமுடையவர்கள் நாம். ஆயின், அப்பெரியோரின் பாதத்திலே வெடிப்பு உண்டா, புண் உண்டா என்று குனிந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யான் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து, இலண்டனிலே பாத வைத்தியம் பயின்று, அந்நகரின் வடபகுதியிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறு வைத்திய நிலையத்தை நடத்தி, இப்போது ஓய்வுபெற்றிருப்பவன். பாதம் பேணுதல் என்பது எத்தகைய தொழில், அதனை நடத்துவோன் எவ்வாறு வளர்கின்றான், அவன் வளராதொழிந்தால் இழப்பு யாரைச் சேர்கின்றது என்பன பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

மனித உடலிலே 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் அமைந்துள்ளன. இரண்டு பாதங்களிலுமாக 52. அஃதாவது, உடலெலும்புகளில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு கணுக்காலுக்குக் கீழே இருக்கின்றது. இத்துணை நுட்பமான அமைப்பைப் பேணுவதற்கெனத் தனியான ஒரு தொழில் தோன்றியது வியப்பன்று. அது மதிப்புப் பெறுவதற்கு நெடுங்காலம் சென்றதே வியப்பு.

பழைய ஐரோப்பாவிலே கால் ஆணி வெட்டுவோர் சந்தைதோறும் தெருத்தெருவாகக் கூவித் திரிந்தனர். கத்தியொன்று, களிம்பொன்று, பேச்சுவன்மை ஆகிய மூன்றுமே அவர்தம் மூலதனம். 1785-ஆம் ஆண்டிலே இலண்டனில் வாழ்ந்த டேவிட் லோ என்பவர் இத்தொழில் பற்றி நூலொன்று வெளியிட்டார். கையையும் காலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் ‘கைரோப்பொடிஸ்ற்’ என்னும் பெயரை வழங்கியவர் அவரே. 1845-இல், ஆங்கில அரச குடும்பத்தாருக்குப் பாத வைத்தியராக விளங்கிய லூயிஸ் டேர்லாக்கர், கால் ஆணி, விரற்கணு வீக்கம், நகக்கோளாறு முதலியன பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். 1895-இல் நியூயோர்க்கிலே இத்தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1913-இல் இலண்டனிலே ஏழை மக்களுக்கான பாத வைத்திய நிலையம் திறக்கப்பட்டது. பின்னாளில் அதுவே இலண்டன் பாத வைத்தியசாலையாக வளர்ந்தது. 1960-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றின்படி இத்தொழிலாளர் அரசாங்கப் பதிவேட்டிலே இடம்பெறலாயினர். 2013-இலே, தகுந்த பயிற்சி பெற்ற பாத வைத்தியர் தாமே மருந்து எழுதிக் கொடுக்கவும் அங்கே சட்டம் இடமளித்தது. சந்தையிலே கூவி விற்ற தொழில், மருந்துச் சீட்டு எழுதும் தொழிலாவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

நிற்க. யான் 1984-இலே என் நிலையத்தைத் திறந்தேன். ஒரு மலர்க் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையிலே காத்திருப்போருக்கு நான்கு நாற்காலிகள். உள்ளறையிலே உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய சாய்நாற்காலி ஒன்று, விளக்கு ஒன்று, கருவிகளை நீராவியில் தூய்மை செய்யும் கலம் ஒன்று. நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியும் நகவெட்டியும் கழுவப்பட்டு, 134 பாகை செல்சியஸ் வெப்பத்திலே குறைந்தது 3 நிமிடம் இருந்த பின்னரே அடுத்தவரின் பாதத்தைத் தொடலாம். நகத்தை அராவும்போது எழும் தூசி வைத்தியனின் சுவாசப்பைக்குத் தீங்கு. ஆகவே அதனை இழுக்கும் விசிறி ஒன்றும் வேண்டும். வீட்டு வாடகை, மின்சாரம், காப்புறுதி, கருவி, துணி வெளுப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாற்காலியிலிருந்தே வரவேண்டும்.

இளமையிலே யான் கொண்ட கணக்கு எளிது. ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம். மணிக்கு மூவர். எவ்விடம் நோகின்றது என்று அவர் காட்டுகின்றாரோ அவ்விடத்தைச் சீர்செய்து அனுப்புதல். கையிலே வேகமும் இருந்தது. யானும் என்னைத் தேர்ந்த தொழிலாளி என்றே எண்ணியிருந்தேன்.

1987-ஆம் ஆண்டு மாரிகாலத்திலே ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எழுபதை அணுகிய வயது. நகைச்சுவை மிக்கவர். வலது காலின் சிறுவிரலிலே கால் ஆணி. நடக்கும்போது உயிர் போகின்றது என்றார். அட்டையிலே பெயர், வயது, முகவரி எழுதினேன். வேறு நோய் உண்டோ என வினாவினேன். ‘நீரிழிவு’ என்றார். அதனையும் எழுதினேன். அவ்வொரு சொல்லை எழுதிய பேனாவே அதன் பொருளையும் எனக்கு உணர்த்தியிருக்க வேண்டும். உணர்த்தவில்லை. வலது காலின் ஆணியை அகற்றினேன். அவர் மகிழ்ச்சியோடு எழுந்து நின்று பார்த்துவிட்டுக் கட்டணம் செலுத்திச் சென்றார். இடது காலின் சப்பாத்தையும் காலுறையையும் அவர் கழற்றவில்லை. கழற்றும்படி யான் கேட்கவுமில்லை. முன்னறையிலே இருவர் காத்திருந்தனர்.

அடுத்த தவணைக்குச் சில நாள்களுக்கு முன்னர் அவருடைய மகள் தொலைபேசியிலே பேசினார். தந்தையார் வரமாட்டார் என்றும், அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றிவிட்டார்கள் என்றும் கூறினார். பெருவிரலின் அடியிலே ஒரு புண் இருந்ததாம். அஃது எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாதாம். காலுறையிலே ஈரத்தைக் கண்ட பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றனர். அதற்குள் நஞ்சு எலும்பை எட்டிவிட்டது. “அப்பாவுக்கு நோவே இருக்கவில்லை” என்று அந்தப் பெண் இருமுறை சொன்னார். என்னைக் குறைகூறும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. தவணையை நீக்குவதற்காகவே அவர் பேசினார்.

அவர் என்னிடம் வந்த நாளிலே அப்புண் இருந்ததோ இல்லையோ, யான் அறியேன். பாராதவன் அறிய வழியில்லை. தடித்த தோலாவது இருந்திருக்கும். அத்தோலின் அடியிலே இரத்தக் கசிவின் கருமையாவது தெரிந்திருக்கும். அதனைக் காண்பதற்கு ஒரு காலுறையைக் கழற்றும் நேரமே வேண்டியிருந்தது.

நான்கு மாதங்களின் பின் அவர் செயற்கைக் காலுடன் படியேறி வந்தார். எஞ்சிய காலின் நகங்களை வெட்டவேண்டும் என்றார். “இனி உமக்கு வேலை பாதி. கட்டணமும் பாதிதானே?” என்று சிரித்தார். என்னாற் சிரிக்க இயலவில்லை. “அன்று யான் உங்கள் மற்றக் காலைப் பார்க்கவில்லை” என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நானும் காட்டவில்லை” என்றார். மேலும் சிறிது பொறுத்து, “இனிமேற் பாரும்” என்றார். அவ்வளவே அவர் கூறியது. என் தொழிற் கல்வி அன்றுதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

நேயர்களே, நோவு என்பதை நாம் பகையெனக் கருதுகின்றோம். உண்மையில் அது காவற்காரன். நீரிழிவு நெடுநாள் நீடிக்குமாயின், கால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகள் முதலிற் பழுதடைகின்றன. உணர்ச்சி குன்றுகின்றது. வியர்வை குறைந்து தோல் உலர்ந்து வெடிக்கின்றது. விரல்கள் வளைந்து, பாதத்தின் முன்பகுதி எலும்புகளின் மேல் அழுத்தம் மிகுகின்றது. அழுத்தம் மிகுந்த இடத்திலே தோல் தடிக்கின்றது. தடித்த தோல் சப்பாத்தினுள்ளே கிடக்கும் கல்லைப் போல மேலும் அழுத்துகின்றது. நோவுள்ளவன் நொண்டி நடந்து அவ்விடத்தைக் காப்பாற்றுவான். நோவற்றவன் அதன்மேலேயே நடந்து செல்வான். இரத்தக் குழாயும் சுருங்கியிருக்குமாயின், தோன்றிய புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தமும் வந்து சேராது. இவ்வளவும் ஓசையின்றி நிகழும்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவுறுத்தியவருள் ஒருவர் தமிழ் மண்ணிலே பிறந்த ஆங்கிலேயர். அவரே டாக்டர் போல் பிராண்ட். 1914-இலே கொல்லிமலையிற் பிறந்த அவர், 1946-இல் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியிலே சத்திரசிகிச்சை வைத்தியராகச் சேர்ந்தார். தொழுநோயாளரின் கைவிரலும் கால்விரலும் அந்நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் யாவரும் எண்ணியிருந்தனர். பிராண்ட் நோயாளரோடு பழகி, அவர்கள் நாள் முழுவதும் செய்வன யாவற்றையும் உற்றுநோக்கினார். சுடுபாத்திரத்தை உணராது பற்றுவதும், ஆணி தைத்த காலோடு நடப்பதும், உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழியாதிருப்பதுமே உறுப்பிழப்பிற்குக் காரணம் என்று கண்டார். அந்நோயாளரின் சதை கெட்ட சதையன்று. அதனைக் காக்கும் நோவு அவர்களிடம் இல்லை. இதனை உணர்ந்த பின்னர் வேலூரிலே மென்மையான இறப்பராற் செருப்புகள் ஆக்கப்பட்டன. 1960-களின் நடுவிலே அவர் அமெரிக்காவின் லூயிசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். தொழுநோயாளரின் பாதத்திலே கற்ற பாடம் நீரிழிவாளரின் பாதத்துக்கும் பொருந்தும் என்று அங்கே எடுத்துக்காட்டினார். பாதத்தின் ஓரிடம் மற்றைய இடத்தினும் சூடாக இருக்குமாயின், அங்கே தோலின் அடியிலே கேடு தொடங்கிவிட்டது என்று அறியலாம் என்பது அவர் வற்புறுத்திய மற்றொரு செய்தி.

இவற்றை யான் 1987-இன் பின்னரே தேடிப் படித்தேன். அப்படிப் படித்தபோது என்னை நாணச் செய்த மற்றொரு செய்தியும் கிடைத்தது. பாதப் புண்ணுள்ளவனைப் படுக்கையிலே கிடத்தாது, காலோடு ஒட்டிப் பொருந்துமாறு பாரிசுச் சாந்துக் கட்டு இட்டு, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்து, அவனை நடமாடவிட்டுக்கொண்டே புண்ணை ஆற்றும் முறை ஒன்று உண்டு. மேனாட்டு நீரிழிவு நிலையங்கள் இன்று போற்றும் முறை அது. அம்முறையைத் தொடக்கத்திலே கையாண்டவர் என வைத்திய வரலாற்றாசிரியர் குறிப்பிடுபவர் யார்? 1930-களிலே கொழும்பிற் பணியாற்றிய சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்றோய் போல். தொழுநோயாளரின் உள்ளங்காற் புண்ணுக்காக அவர் இங்கே செய்ததையே பின்னர் பிராண்ட் அமெரிக்காவிலே பரப்பினார். கொழும்பிலிருந்து விமானமேறிச் சென்ற யான், கொழும்பிலே பிறந்த முறையை இலண்டன் நூலகத்திலே கண்டெடுத்தேன்.

இனி, என் நிலையம் எவ்வாறு மாறிற்று என்று கூறுகின்றேன்.

முதலாவதாக, எக்காரணத்துக்காக வந்தவராயினும் இரண்டு பாதங்களையும் வெறுமையாக்கிக் காட்டாது எவரும் என் நாற்காலியினின்றும் எழுந்து சென்றதில்லை. விரலிடுக்குகளையும் குதிகாலையும் பார்ப்பேன். புறங்காலிலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி துடிக்கின்றதா என்று தொட்டுப் பார்ப்பேன். புறங்கையால் இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடுவேன். சப்பாத்தினுள்ளே கையைவிட்டுத் தடவுவேன். ஒருமுறை ஒருவரின் சப்பாத்தினுள்ளே பேரப்பிள்ளையின் விளையாட்டு வண்டிச் சில்லு ஒன்று அகப்பட்டது. இரண்டு நாளாக அதன்மேலே நடந்திருக்கின்றார்.

இரண்டாவதாக, நைலோன் இழை ஒன்று. பார்ப்பதற்குத் தூண்டில் நரம்புபோல் இருக்கும். 10 கிராம் அழுத்தத்திலே வளையுமாறு அமைக்கப்பட்டது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, உள்ளங்காலின் சில இடங்களை அவ்விழையால், அது வளையுமளவு தொட்டு, எப்போது தொடுகின்றேன் என்று கேட்க வேண்டும். தடித்த தோலின்மேல் தொடலாகாது. தொடுகையை உணராதவர், காவற்காரனை இழந்தவர் என்று கொள்ளலாம். தம் பாதம் நலமென்று கூறிக்கொண்டே வந்து, இழையின் தொடுகையை உணராது அமைதியாகக் கண்மூடி இருந்தோர் பலரை யான் கண்டிருக்கின்றேன்.

மூன்றாவதாக, கண்டதை எழுதிவைத்தேன். முன்பு என் அட்டைகளிலே ‘ஆணி அகற்றப்பட்டது’ என்ற வரி மட்டும் இருக்கும். பின்னர் நாடி, உணர்ச்சி, சூடு, தோல், சப்பாத்து ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் வகுத்தேன். வரி வெறுமையாக இருந்தால், யான் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரியும். எழுதும் பழக்கம் வைத்தியனின் நினைவுக்குத் துணை. அவனுடைய நேர்மைக்கு அதனினும் பெரிய துணை.

நான்காவதாக, என் எல்லையை அறிந்துகொண்டேன். தனியாகத் தொழில் நடத்துவோனுக்கு ஒரு பெரும் இடர் உண்டு. அவனுடைய பிழையைக் கண்டு சொல்ல அருகிலே எவருமில்லை. ஆகவே கிழமையில் ஒருநாட் காலை என் நிலையத்தை மூடிவிட்டு, ஊதியமின்றி, வைத்தியசாலையொன்றின் நீரிழிவுப் பிரிவிலே சென்று நின்றேன். அக்காலத்திலே இலண்டன் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையின் முன்மாதிரி பலருக்கும் ஊக்கமளித்தது. அங்கே 1981-இல் டாக்டர் மைக்கல் எட்மண்ட்ஸ் நீரிழிவுப் பாதத்துக்கெனத் தனி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். வைத்தியர், பாத வைத்தியர், தாதி, சத்திரசிகிச்சையாளர், சப்பாத்து ஆக்குவோர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து பணிபுரிந்தனர். சில ஆண்டுகளிலேயே அங்கே கால் அகற்றும் சத்திரசிகிச்சைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று 1986-இல் அறிவித்தனர். 1989-இலே இத்தாலியின் சென் வின்சென்ற் நகரிற் கூடிய ஐரோப்பிய நீரிழிவு அறிஞரும், நீரிழிவினால் அழுகும் கால்களை அகற்றும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதைத் தம் குறிக்கோள்களுள் ஒன்றாக அறிவித்தனர். புது மருந்து எதுவும் அவ்வெண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஒருவரையொருவர் கேட்டு, ஒரே பாதத்தைப் பலரும் சேர்ந்து பார்த்தமையே குறைத்தது.

இம்மாற்றங்களுக்கு விலை இருந்தது என்பதையும் மறைக்காது கூறவேண்டும். இருபது நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. மணிக்கு மூவர் வந்த இடத்திலே ஒருவரும் மற்றொருவரின் பாதியுமாக வந்தனர். ஓராண்டு காலம் வாடகை கொடுப்பதே பெரும்பாடாயிற்று. முதல் வருகைக்குரிய கட்டணத்தை உயர்த்தினேன். சிலர் நீங்கினர். ஓய்வூதியக்காரருக்கெனப் பிற்பகல் ஒன்றிலே குறைந்த கட்டணம் வைத்தேன். மெல்ல மெல்லக் குடும்ப வைத்தியர்கள் தம் நோயாளரை என்னிடம் அனுப்பலாயினர். வேகத்தினால் வந்த வாடிக்கை விலகிற்று. நம்பிக்கையினால் வந்தது நிலைத்தது. இளையோர் எவரேனும் இத்தகைய தொழிலைத் தொடங்கக் கருதினால் அவர்க்கு யான் கூறுவது இதுவே: உங்கள் கட்டணத்தை வகுக்கும்போது, பார்ப்பதற்குரிய நேரத்தையும் சேர்த்து வகுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு மட்டும் கூலி வாங்குவோன் நாளடைவிலே வெட்டுவதை மட்டுமே செய்வான்.

தொழிற் பதிவு பெற்றவுடன் கல்வி முடிந்ததென்று எண்ணுவதும் தவறு. பிரித்தானியாவிலே பாத வைத்தியர் இரண்டு ஆண்டுக்கொருமுறை தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இடைக்காலத்திலே என்ன கற்றனர் என்ற குறிப்பையும் வைத்திருக்க வேண்டும். என் குறிப்பேட்டிலே சென்ற வகுப்புகளை மட்டும் யான் எழுதவில்லை. தவறவிட்ட பாதங்களையும் எழுதினேன். முதல் பக்கத்திலே அந்தப் பஸ் சாரதியின் இடது கால் இருக்கின்றது.

1990-களின் நடுவிலே நிகழ்ந்த ஒன்றையும் கூறவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தம் மகனிடம் வந்திருந்த ஒரு தாயார், நகம் வெட்டுவதற்காக அழைத்துவரப்பட்டார். நீரிழிவு உடையவர். நகத்தை வெட்டிய பின், “அம்மா, மற்றக் காலையும் காட்டுங்கோ” என்றேன். “தம்பி, அந்தக் காலிலை எனக்கு ஒரு நோவுமில்லை. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்” என்றார். புண் இல்லை. சிவந்து வீங்கியிருந்தது. புறங்கையை வைத்தேன். மற்றப் பாதத்தினும் நன்றாகச் சுட்டது. சுளுக்கு என்று தைலம் தேய்த்து வந்திருக்கின்றார்கள். அது சுளுக்கன்று. உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகள் தம்மையறியாது நொறுங்கத் தொடங்கும் நிலை அது. பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 1868-இலே நரம்பு நோயாளரின் மூட்டுக்களிற் கண்டு விவரித்த கேட்டின் வழி, சார்க்கோ பாதம் என்று பெயர்பெற்றது. அந்நிலையிலே நடந்து திரிந்தால் பாதத்தின் வளைவு இடிந்து, தோணியின் அடிபோலத் திரிந்துவிடும்.

அன்றே அவரை வைத்தியசாலைக்கு அனுப்பினேன். சாந்துக் கட்டு இட்டனர். ஏழு மாதம் கட்டு மாற்றி மாற்றி இருந்தார். கட்டு நீங்கிய நாளிலே பாதம் தன் வடிவத்தோடு வெளிவந்தது. ஊருக்குத் திரும்புமுன் என்னிடம் வந்து, “தம்பி, கோயிற்படி ஏறலாம் என்று சொல்லிப்போட்டினம்” என்றார். கொழும்பிலே தொழுநோயாளருக்காக ஒரு பேராசிரியர் இட்ட கட்டு, வேலூரையும் அமெரிக்காவையும் சுற்றி, இலண்டனிலே ஒரு யாழ்ப்பாணத்துத் தாயின் காலைக் காத்தது. அதனைக் காண்பதற்கு எனக்கு வேண்டியிருந்த அறிவோ, ஒரு முதியவரின் இழந்த காலிலிருந்து வந்தது.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் நீரிழிவாளர் இருக்கலாம். அவர்க்காகச் சில கூறி முடிக்கின்றேன். நாள்தோறும் ஒருமுறை இரு பாதங்களையும் வெளிச்சத்திலே பாருங்கள். குனிய இயலாதவர் சிறு கண்ணாடியைத் தரையிலே வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். வெடித்த குதிகாலுக்கு எண்ணெயோ களிம்போ பூசலாம். விரலிடுக்கிலே பூசவேண்டாம். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் அறிய முயலவேண்டாம். முழங்கையால் தொட்டு அறியுங்கள். கால் ஆணியைச் சவர அலகினால் வெட்டுவதும், ஆணி கரைக்கும் அமிலம் பூசிய ஒட்டுத் துணிகளை ஒட்டுவதும் நீரிழிவாளருக்கு ஆகாதன. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். புதுச் சப்பாத்தை மாலையிலே வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கித் தன் முழு அளவிலே இருக்கும்.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். திருவிழாக் காலத்திலே நண்பகல் வெயிலிற் சுடுமணலிலும் கருங்கல்லிலும் வெறுங்காலோடு வலம்வருதல் நம் வழக்கம். உணர்ச்சியுள்ள பாதம் சூடு பட்டால் ஓடி நிழலுக்குச் செல்லும். உணர்ச்சியற்ற பாதமோ பொறுமையாக நடந்து வெந்துவிடும். வீட்டுக்கு வந்த பின்னரே கொப்புளம் தெரியும். வழிபாட்டை விடும்படி யான் கூறவில்லை. விடியற்காலைப் பூசைக்கோ, நிலம் குளிர்ந்த மாலைப் பூசைக்கோ செல்லுங்கள் என்றே வேண்டுகின்றேன். பாதத்தில் எவ்வளவு சிறிய புண்ணாயினும், நோவில்லாத வீக்கமாயினும், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். நோவில்லை என்பது ஆறுதலன்று. நீரிழிவாளரைப் பொறுத்தவரை அதுவே எச்சரிக்கை.

வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கும் கூடிய வழியே நடப்பது என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியிலே வகுத்துள்ளார். பாதம் பேணும் பணியிலே யான் கண்டதும் இதுவே. நோயாளி காட்ட வேண்டும். வைத்தியன் பார்க்க வேண்டும். மருந்தும் கட்டும் காலத்திலே வந்து சேரவேண்டும். வீட்டிலுள்ளோர் நாள்தோறும் குனிந்து நோக்க வேண்டும். நானும் காட்டவில்லை என்று அந்த முதியவர் என்மீதிருந்த பழியிற் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. கேட்கவேண்டியது என் கடமையாகவே இருந்தது.

இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன், உங்கள் வீட்டுப் பெரியோரின் பாதங்களை ஒருமுறை பாருங்கள். இரண்டு பாதங்களையும் பாருங்கள்.